வாடைக் காற்றில் யாருடைய புகை? உப்புவெளிக் கூரையில் ஒரு துணிக்கைமானியும் ஒரு சிறு மாதிரியுருவும்

2022 டிசெம்பர் 8ஆம் திகதி காலையில் உவர்மலை இறக்கத்தில் நின்று பார்த்தபோது, வழக்கமாகத் தெளிவாகத் தெரியும் கொட்டியாரக் குடாவின் மறுகரை தெரியவில்லை. மழைமூட்டமாக இருந்தால் கடலும் சேர்ந்து கறுத்திருக்கும். அன்று கடல் சாம்பல் தூவியதுபோல் வெளிறிக் கிடந்தது. தொண்டை கரகரத்தது, கண் எரிந்தது, மார்கழிக்கும் மிஞ்சிய குளிர் வேறு. மாண்டஸ் புயல் திருகோணமலைக்குக் கிழக்கே சில நூறு கிலோமீற்றர் தொலைவில் வடமேற்காக நகர்ந்துகொண்டிருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் அந்தக் குளிர்காற்றில் ஏராளமான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. மாசடைந்த வளி இந்தியப் பக்கத்திலிருந்து வருவதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது.

நான் பௌதிகவியல் கற்பிப்பவன். பாடசாலை மீண்டும் திறந்த அன்று ஒரு மாணவன், "சேர், புகையில எந்த நாட்டுப் புகை என்று எழுதியா இருக்கு?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் காற்றுத்திசை பற்றிப் பொதுவாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அது சமாளிப்புத்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஓரிடத்தில் மூச்சுக்குள் போகும் துணிக்கை எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்பதைக் கணக்கிட முடியாவிட்டால், எந்தப் புகைபோக்கியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதையும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கைச் சிறிய அளவிலாவது என் கையால் செய்து பார்க்க எடுத்த முயற்சியே இந்தப் பதிவு. பாதி வேலை திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூரைமேல் நடந்தது, மீதி கணினியில் நடந்தது.

மானியைக் கட்டுதல்

துணிக்கைகளை அளக்க பிளான்டவர் நிறுவனத்தின் பிஎம்எஸ் 5003 உணரிகள் இரண்டை வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. உள்ளே ஒரு சிறு விசிறி வளியை இழுக்கும், ஒரு லேசர் கதிர் அந்த வளியின் ஊடாகப் பாயும், துணிக்கைகள் சிதறடிக்கும் ஒளியை ஓர் ஒளியுணரி பிடிக்கும். சிதறிய ஒளியிலிருந்து துணிக்கையின் பருமனையும் எண்ணிக்கையையும் மதிப்பிட்டு, அடர்த்தி இவ்வளவு என்று தானே ஒரு கருதுகோளை வைத்துக்கொண்டு, ஒரு கனமீற்றர் வளியில் இத்தனை மைக்ரோகிராம் என்று எண்ணைத் தருகிறது. எனவே அது நிறுத்துப் பார்ப்பதில்லை, ஊகிக்கிறது. 0.3 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகள் அதன் கண்ணில் படுவதுமில்லை. இதை மறந்துவிட்டு அந்த எண்ணை அப்படியே நம்புபவர்கள் பலர் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

உணரியுடன் நிரலை ஓட்ட ஈஎஸ்பி 32 என்னும் சிறு கணினிப் பலகை, வெப்பநிலைக்கும் ஈரப்பதனுக்கும் ஒரு பிஎம்இ 280, நேரம் தவறாமலிருக்க ஒரு டிஎஸ் 3231 கடிகாரச் சில்லு, பதிவுக்கு ஒரு நினைவக அட்டை ஆகியவற்றைச் சேர்த்தேன். உணரிக்கு 5 வோல்ற்று வேண்டும், ஆனால் அதன் தரவுக்கம்பி 3.3 வோல்ற்றில் பேசுவதால் பலகையுடன் நேரடியாக இணைக்கலாம். ஒவ்வொரு செய்தியும் 32 பைற்று நீளமானது. முதல் 30 பைற்றுகளின் கூட்டுத்தொகை கடைசி இரண்டு பைற்றுகளுடன் ஒத்துப்போகாவிட்டால் அந்தச் செய்தியை எறிந்துவிட வேண்டும். இந்தச் சோதனையைத் தொடக்கத்தில் நான் எழுதவில்லை. மின் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் நிலாவெளி முழுவதும் தீப்பற்றியதுபோல் ஓர் எண் பதிவாகிக்கொண்டிருந்ததற்கு அதுவே காரணம்.

கூட்டுக்குப் பிவிசி குழாயின் மூன்றுவழி இணைப்பொன்றைத் தலைகீழாகப் பொருத்தி, கீழ்வாயில் நுளம்புவலை கட்டினேன். எங்கள் வீட்டிலிருந்து கடல் நடக்கும் தூரம். இரண்டாம் மாதத்திலேயே பித்தளைத் திருகுகளில் பச்சை பூத்தது, நான்காம் மாதத்தில் ஓர் உணரி எப்போதும் பூச்சியம் காட்டத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், விசிறிக்கு முன்னால் ஒரு சிலந்தி கச்சிதமாக வலை பின்னியிருந்தது. வலையை எடுத்தபின் விசிறி சுழன்றது, ஆனால் உப்பேறிய அச்சுத்தாங்கியின் சத்தம் அடங்கவில்லை. அந்த உணரியைக் கைவிட்டுப் புதிதொன்று வாங்கினேன். அதன்பின் பலகைக்கு நிறமற்ற நகப்பூச்சை மூன்று முறை பூசினேன், வலையை மாதம் ஒருமுறை மாற்றினேன். இவற்றைவிட விலையுயர்ந்த தீர்வு எதுவும் தேவைப்படவில்லை.

ஈரம் செய்த ஏமாற்று

முதல் வாடைக்காலத்தில் கிடைத்த எண்களைப் பார்த்து நான் உண்மையாகவே பயந்துபோனேன். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல்படி பிஎம் 2.5இன் (விட்டம் 2.5 மைக்ரோமீற்றரைத் தாண்டாத நுண்துணிக்கைகளின்) 24 மணிநேரச் சராசரி கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. இலங்கையின் 2008ஆம் ஆண்டு நியமம் 50 வரை அனுமதிக்கிறது. என் கூரையிலோ அதிகாலை தோறும் அந்த 50ஐயும் தாண்டிக்கொண்டிருந்தது. ஆனால் பத்து மணிக்கு வெயில் ஏறியதும் எண் பாதியாக விழுந்தது. புகை வெயிலுக்குப் பயந்து ஓடுவதில்லை. ஈரப்பதன் வரைபை அதன்மேல் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே மூச்சில் ஏறி இறங்கின.

காரணம் எளியது, அதிலும் கடற்கரை ஊருக்கு மிகப் பொருத்தமானது. கறியுப்பு ஏறத்தாழ 75 சதவீத ஈரப்பதனில் வளியிலுள்ள நீரை உறிஞ்சித் திரவத்துளியாகிவிடுகிறது. சமையலறையில் உப்புப்போத்தல் கசிவதும் அதே நிகழ்வுதான். அமோனியம் சல்பேற்றுத் துணிக்கைகளும் ஏறத்தாழ 80 சதவீதத்தில் அதையே செய்கின்றன. துணிக்கை வீங்கும்போது அது சிதறடிக்கும் ஒளி பலமடங்காகிறது, உணரியோ அந்தத் தண்ணீரையும் தூசு என்று எண்ணி எழுதுகிறது. நியம முறையில் வடிதாளை 30 முதல் 40 சதவீத ஈரப்பதனில் பதப்படுத்திய பின்னரே நிறுப்பதன் நோக்கம் இதைத் தவிர்ப்பதுதான்.

திருத்தற் சூத்திரங்கள் உண்டு. அமெரிக்காவில் இதே வகை உணரிகளுக்காக உருவாக்கப்பட்ட ஒன்றில், மானியின் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பதனை 0.0862ஆல் பெருக்கிக் கழித்து, 5.75ஐக் கூட்டுவார்கள். அதை முயன்றேன். ஆனால் அது வேறு நாட்டின் வளிக்குப் பொருத்தப்பட்ட கோடு. உப்புத்துளி நிறைந்த எங்கள் கரைக்கு அதை அப்படியே கடன்வாங்க மனம் ஒப்பவில்லை. எனவே வளியையே உலர்த்தலாம் என்று முடிவெடுத்தேன். ஒரு சாண் நீளப் பித்தளைக் குழாயில் 10 ஓம் சீமெந்துத் தடையொன்றைக் கம்பியால் கட்டி, 5 வோல்ற்றைக் கொடுத்தேன். 2.5 வாற்று வெப்பம் கிடைத்தது. உள்ளே வரும் வளியின் ஈரப்பதன் 60ஐத் தாண்டினால் மட்டும் தடை இயங்குமாறு நிரலில் எழுதினேன். அதிகம் சூடாக்கக்கூடாது. அமோனியம் நைத்திரேற்று போன்றவை சூட்டில் ஆவியாகிவிடும் என்பதும், வளியை 50 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிய பழைய தானியங்கி நிறுவைக் கருவிகள் இதனால் குறைத்து அளந்தன என்பதும் இத்துறையில் நன்கு அறியப்பட்டவை.

சூடாக்கும் மானியையும் சூடாக்காத மானியையும் ஒரு சாண் இடைவெளியில் அருகருகே வைத்தேன். கச்சான் வீசும் ஆடி ஆவணியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. (நான் சொல்வது கொறிக்கும் கச்சானையல்ல, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றை.) மார்கழி அதிகாலைகளிலோ சூடாக்காத மானி மற்றதைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கைக் காட்டியது. என்னைப் பயமுறுத்திய எண்ணில் பாதி, வெறும் தண்ணீர். எஞ்சிய பாதிதான் விசாரிக்க வேண்டியது.

வளித்தடங்களைப் பின்னோக்கி ஓட்டுதல்

ஒரு வளிப்பொதி இங்கு வந்துசேரும் முன் எங்கெல்லாம் இருந்தது என்பதைக் கணக்கிடும் மென்பொருள்களில் அதிகம் பயன்படுவது, அமெரிக்கத் தேசியப் பெருங்கடல் வளிமண்டல நிர்வாகத்தின் வளி வள ஆய்வுகூடம் உருவாக்கிய ஹைஸ்பிளிட். இணையத்திலேயே ஓட்டலாம். ஆனால் மூன்று மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஓட்ட வேண்டுமென்றால் நம் கணினியில் நிறுவுவதே சரி. அதற்கு வேண்டிய காற்றுத் தரவு ஒரு பாகை இடைவெளியில், வாரத்துக்கொரு கோப்பாகக் கிடைக்கிறது. மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 8 கிகாபைற்று. இரவுநேரத் தரவுப் பொதியில் மூன்று இரவுகளாக இறக்கினேன்.

மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டியவை சில வரிகளே. தொடங்கும் நேரம், இடம், உயரம், எத்தனை மணிநேரம் என்பவை. எங்கள் அகலாங்கு 8.57 வடக்கு, நெட்டாங்கு 81.23 கிழக்கு. மணிநேரத்துக்கு முன்னால் கழித்தல் குறி இட்டால் காலம் பின்னோக்கி ஓடும். உயரத்தை முதலில் 10 மீற்றராகக் கொடுத்தேன். தடங்கள் சற்றுத் தூரத்திலேயே தரையில் முட்டித் தரையோடு இழுபட்டன. 500 மீற்றருக்கு மாற்றியபின் நடத்தை சீரானது. அதைவிடப் பெரிய தவறொன்று ஒரு மாதம்வரை என் கண்ணில் படவில்லை. மென்பொருள் எதிர்பார்ப்பது கிறீனிச் நேரம், நான் கொடுத்துக்கொண்டிருந்ததோ எங்கள் கைக்கடிகார நேரம். ஐந்தரை மணிநேர வேறுபாடு. செக்கனுக்கு 7 மீற்றர் வேகக் காற்றில் அது ஏறத்தாழ 140 கிலோமீற்றர். புயல் அருகில் இருக்கும் நாளில் காற்றின் திசையே அதற்குள் மாறிவிடும். தொண்ணூறு நாட்களையும் மீண்டும் ஓட்ட வேண்டியதாயிற்று.

முதலில் ஓட்டிப் பார்த்தது 2022 டிசெம்பர் 8ஐத்தான். வட அரைக்கோளத்தில் புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். புயல் எங்களுக்குக் கிழக்கே இருந்ததால் அதன் மேற்கு விளிம்பில் இருந்த எங்கள்மேல் வடக்கிலிருந்து காற்று கொட்டியது. திரையில் தடம் வங்கக்கடலின் மேற்கு ஓரமாக மேலேறி, ஆந்திர, ஒடிசாக் கரைகளுக்கு வெளியே சென்று, வங்காளப் பக்கம் திரும்பியது. மாணவனின் கேள்விக்கு அந்தக் கோடு ஒரு பதில்போலத் தோன்றியது. ஆனால் ஒற்றைக் கோட்டை நம்புவது சாத்திரக்காரனை நம்புவதற்குச் சமம். இத்தகைய தடங்களில் பயணத் தூரத்தின் ஐந்தில் ஒரு பங்கு வரை பிழை இருக்கலாம் என்பது பொதுவான அனுபவம். 1,500 கிலோமீற்றர் பின்னால் சென்றால் 300 கிலோமீற்றர் தடுமாறும். காற்றுத் தரவைச் சற்றே அங்குமிங்கும் நகர்த்தி 27 தடங்களை ஒரேயடியாக வரையும் வசதி ஹைஸ்பிளிட்டில் உண்டு. அதை இயக்கியபோது ஒற்றைக்கோடு விளக்குமாறுபோல் விரிந்தது. வடக்கிலிருந்து, கரையோரமாக, இரண்டு மூன்று நாளில் வந்தது என்பதை 27உம் ஒத்துக்கொண்டன. விசாகப்பட்டினமா புவனேசுவரமா என்பதில் ஒத்துக்கொள்ளவில்லை. எனவே நான் சொல்லக்கூடியதும் அந்த அளவுதான்.

ஒரு பாகை என்பது 111 கிலோமீற்றர். திருகோணமலைத் துறைமுகத்தின் வளைவுகளும் மதியத்துக்குப் பின் எழும் கடற்காற்றும் அந்தக் கட்டத்துக்குள் அடங்கிக் காணாமற்போகின்றன. உள்ளூர்ப் புகைக்கு இந்த முறை உதவாது. அடுத்த வளவு அக்கா காலையில் கூட்டிக் கொளுத்தும் வேப்பஞ்சருகு என் மானியில் கோபுரம்போல் எழுந்து அரைமணியில் அடங்கும். அந்த உச்சிகளை ஐந்து நிமிட இடைநிலைகளை வைத்து அடையாளங்கண்டு தனியே ஒதுக்கினேன். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப என்ர குப்பையையும் கணக்கில எழுதிறியா தம்பி?" என்று கேட்டுவிட்டு அடுத்தநாளும் கொளுத்தினார்.

தடத்தின்மேல் கந்தகத்தை ஏற்றுதல்

தடம் என்பது வெறும் வழி மட்டுமே. அந்த வழியில் எவ்வளவு சரக்கு ஏறியது, எவ்வளவு வழியில் சிந்தியது என்று பார்த்தால்தான் மாதிரியுரு ஆகும். சரக்காக நான் எடுத்தது, நிலக்கரி போன்றவை எரியும்போது வாயுவாக வெளியேறி வழியில் துணிக்கையாக மாறும் கந்தகத்தை. இதற்கு எனக்கு வழிகாட்டியது ரெயின்ஸ் ஏசியா. ஐரோப்பாவில் 1994ஆம் ஆண்டு ஒஸ்லோ கந்தக உடன்படிக்கைப் பேச்சுகளில் பயன்பட்ட ரெயின்ஸ் மாதிரியுருவை ஒற்றி, ஒஸ்திரியாவிலுள்ள பயன்முறை அமைப்பியல் பகுப்பாய்வுக்கான சர்வதேச நிறுவனம், உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி ஆகியவற்றின் பங்களிப்புடன் 1990களில் ஆசியாவுக்காக உருவாக்கப்பட்டது அது. 23 நாடுகளை 94 பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் எரிக்கப்படும் எரிபொருளிலிருந்து கந்தக உமிழ்வைக் கணக்கிட்டு, கிரெகரி கார்மைக்கேலும் ரிச்சட் ஆர்ன்ட்டும் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய அற்மொஸ் என்னும் பொதிவழி மாதிரியுருவால் அதை ஆசியா முழுவதும் நகர்த்தி, எங்கே எவ்வளவு படியும் என்று சொன்னார்கள். அற்மொஸ் செய்ததன் குழந்தை வடிவத்தைத்தான் நான் செய்தேன்.

எடுத்துக்கொண்ட விதிகள் மூன்று. கந்தகவீரொட்சைட்டில் மணிக்கு 1 சதவீதம் சல்பேற்றாக மாறும். கலக்கும் உயரத்தை (தரையிலிருந்து மாசு கலந்து பரவும் உயரத்தை) 1,000 மீற்றராகவும் வாயுவின் உலர்படிவு வேகத்தை (மழையின்றிப் படியும் வேகத்தை) செக்கனுக்கு என்ற கணக்கில் செக்கனுக்கு அரைச் சென்ரிமீற்றராகவும் கொண்டால், மணிக்கு 1.8 சதவீத வாயு தரையிலும் கடலிலும் படியும். சல்பேற்றுத் துணிக்கை மிக மெதுவாக, செக்கனுக்கு 0.1 சென்ரிமீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 0.36 சதவீதம் படியும். இவை இத்துறையில் வழக்கமாகக் கையாளப்படும் பருமன்கள்தாம். பகலில் மாற்றம் வேகமாகவும் இரவில் மெதுவாகவும் நடக்கும் என்பதை விட்டுவிட்டேன்.

இந்த மூன்று விதியையும் வைத்துச் செக்கனுக்கு 7 மீற்றர், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோமீற்றர் காற்றில் கணக்கிட்டபோது, இந்த முழு வேலையிலும் எனக்கு மிகப் பயன்பட்ட முடிவு கிடைத்தது. முதல்நாள் முடிவில் புறப்பட்ட கந்தகத்தில் 51 சதவீதம் வாயுவாகவும் 17 சதவீதம் சல்பேற்றாகவும் இருக்கிறது. இரண்டாம் நாள் கழிந்து சற்று நேரத்தில் இரண்டும் சமமாகின்றன. மூன்றாம் நாள் முடிவில் வாயு 13 சதவீதம்தான், சல்பேற்று 26 சதவீதம். கொல்கத்தா எங்களிலிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர், அதாவது மூன்று நாள் வழி. அங்கே 100 தொன் கந்தகவீரொட்சைட்டு புறப்பட்டால், வழியில் மழை இல்லாவிட்டால், இங்கு வரும் நேரத்தில் அது ஏறத்தாழ 54 தொன் அமோனியம் சல்பேற்றுத் துணிக்கையாக, பரந்து விரிந்த நிலையில் கடலுக்குமேல் நிற்கும். மூலத்தருகே மூக்கைத் துளைக்கும் வாயு, தொலைவில் மணமற்ற மங்கலாகிறது.

மறுபுறம், எங்கள் நாட்டின் நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் மேற்கு–தென்மேற்கே ஏறத்தாழ 180 கிலோமீற்றரில் உள்ளது. அதே காற்றில் ஏழு மணிநேர வழி. அதே கணக்கில் அங்கிருந்து வரும் கந்தகத்தில் 82 சதவீதம் இன்னும் வாயுவாகவே இருக்கும், சல்பேற்று ஏறத்தாழ 6 சதவீதம்தான். ஆகவே வாடைக்காலத்துத் துணிக்கைக்கும் கச்சான்காலத்து வாயுவுக்கும் பொறுப்பாளிகள் வேறு வேறு. முன்னையதைக் கொழும்பில் எடுக்கும் எந்தத் தீர்மானமும் தொடாது. பின்னையதற்கு இன்னொரு நாட்டைச் சாட்டவும் முடியாது. உப்புவெளியில் கரைவலை இழுக்கும் ஐயா ஒருவரிடம் இதை விளக்கத் தொடங்கியபோது அவர் குறுக்கிட்டு, "வாடைக்குக் கடலுக்கு மேல ஒரு மங்கல் நிக்கும் தம்பி. கச்சானுக்கு அது இல்ல, கரைப்புழுதிதான்" என்றார். என் அட்டவணையின் முதல் வரியை அவர் மாதிரியுரு இல்லாமலே வைத்திருந்தார்.

அட்டவணையும் அதன் வரம்பும்

சுற்றுப்புறத்தை ஆறு பெட்டிகளாகப் பிரித்தேன். தமிழ்நாடும் தென் ஆந்திரமும், வட ஆந்திரமும் ஒடிசாவும், வங்காளமும் வங்கதேசமும், கங்கைச் சமவெளி, மியன்மார்ப் பக்கம், இலங்கை. ஒவ்வொரு நாளின் தடமும் ஒவ்வொரு பெட்டிக்குமேல் கலக்கும் உயரத்துக்குக் கீழே எத்தனை மணிநேரம் நின்றது என்று எண்ணினேன். ஐரோப்பிய ஆணைக்குழுவின் எட்கார் உமிழ்வுத் தரவிலிருந்து அந்தந்தப் பெட்டியின் கந்தக உமிழ்வை எடுத்து ஏற்றினேன். அப்போது கிடைப்பது ஒரு வரிசை எண்கள்: இந்தப் பெட்டியில் ஒரு தொன் குறைந்தால் இங்கே இவ்வளவு குறையும். ஆசியா முழுவதற்கும் இதைச் செய்தால் அதுவே மூலம்–ஏற்பிட அணி, அதாவது எங்கிருந்து புறப்பட்டது எங்கே எவ்வளவு சேர்கிறது என்ற எண் அட்டவணை. கொள்கை வகுப்பவருக்கு உண்மையில் வேண்டியது வரைபடமல்ல, இந்த அணிதான். ஒரு தொன்னைக் குறைக்க எந்த இடத்தில் எவ்வளவு செலவாகும் என்ற இன்னொரு வரிசையை அதனருகில் வைத்துவிட்டால், குறைந்த செலவில் அதிக இடங்களின் வளியைத் தெளிவாக்கும் வழி எது என்பது பெருக்கற் கணக்காகிவிடுகிறது. ரெயின்ஸ் ஏசியாவும் அதன் பின்வந்த கெயின்ஸும் செய்வது அடிப்படையில் இதையே.

என் அணியில் வாடைக்காலத்துக்கான நிரலில் ஆந்திர, ஒடிசாப் பெட்டிகளும் அவற்றையடுத்து வங்காளமும் ஓங்கி நின்றன. இலங்கைப் பெட்டி ஏறத்தாழ வெறுமை, ஏனெனில் வடகீழ்ப் பருவக்காற்றுக்கு நாங்கள்தான் நாட்டின் வாசற்படி. இதில் அரசியல் உண்டு. 2007க்குப் பின்னர் சீனா தன் கந்தகவீரொட்சைட்டு உமிழ்வைப் பத்தாண்டுக்குள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைத்ததையும், அதே காலத்தில் இந்தியாவின் உமிழ்வு பாதியளவு கூடியதையும் செய்மதி அளவீடுகள் காட்டின. புகைபோக்கியில் கந்தகநீக்கி பொருத்துவதற்கான நியமத்தை இந்தியா 2015 டிசெம்பரில் அறிவித்தது. காலக்கெடு திரும்பத் திரும்ப ஒத்திவைக்கப்பட்டது. தெற்காசியாவில் எல்லைதாண்டும் வளிமாசு பற்றிய மாலே பிரகடனம் 1998இலேயே இலங்கை உட்பட எட்டு நாடுகளால் ஏற்கப்பட்டது. ஆனால் ஐரோப்பாவின் கந்தக உடன்படிக்கைபோல இத்தனை சதவீதம் குறை என்று எவரையும் அது கட்டிப்போடவில்லை. அணி இருக்கிறது, அதைப் பெருக்கிப் பார்க்க வேண்டிய மேசைதான் இல்லை என்பது என் எண்ணம்.

விரலை வெளியே மட்டும் நீட்டக்கூடாது என்பதற்காக அதே விதிகளை முன்னோக்கியும் ஓட்டினேன். திருகோணமலைக்கு அருகே சம்பூரில் நிலக்கரி மின்னிலையம் அமைக்கும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அது 500 மெகாவாற்றில் முழுநேரமும் இயங்கியிருந்தால் என்று வைத்துக் கணக்கிட்டேன். வினைத்திறன் 35 சதவீதம், நிலக்கரியின் வெப்பம் கிலோவுக்கு 25 மெகாயூல், கந்தகம் அரைச் சதவீதம் என்று கொண்டால், செக்கனுக்கு 57 கிலோ நிலக்கரி எரியும். கந்தகம் ஒட்சைட்டாகும்போது நிறை இருமடங்காவதால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 தொன் கந்தகவீரொட்சைட்டு வெளியேறும். 90 சதவீதம் பிடிக்கும் நீக்கி பொருத்தியிருந்தால் 5 தொன். வாடைக்காலத்தில் அந்தப் பொதிகள் மூதூர், சேருவில, கந்தளாய் வயல்கள் ஊடாகத் தென்மேற்கே உள்நாட்டுக்குப் போயின. கச்சான்காலத்தில் நேரே வங்கக்கடலுக்கு இறங்கின. இன்னொருவரின் ஏற்பிடமாக இருக்கும் நாம் அப்போது இன்னொருவரின் மூலமாகியிருப்போம். வகுப்பில் அதிக வாதத்தைக் கிளப்பியது இந்தப் படம்தான்.

குறைகளையும் எழுதியாக வேண்டும். கந்தகம் ஏறத்தாழ நேர்விகிதத்தில் நடந்துகொள்வதால்தான் அணி முறை அதற்கு ஒத்துவருகிறது. நைத்திரேற்று அப்படியல்ல. சல்பேற்றைக் குறைத்தால் அதனுடன் சேர்ந்திருந்த அமோனியா விடுபட்டு நைத்திரிக் அமிலத்தைப் பிடித்துக்கொண்டு புதிய துணிக்கையாகும். கந்தகத்தைப் பாதியாக்கினால் மங்கலும் பாதியாகும் என்று சொல்லிவிட முடியாது. விறகுப் புகையின் கரித்துணிக்கை என் மாதிரியுருவில் இல்லவே இல்லை. 1999இல் இந்துசமுத்திரத்தில் நடந்த இன்டோஎக்ஸ் ஆய்வு, வாடைக்கால மங்கலில் கரியின் பங்கு எவ்வளவு முக்கியமானது என்பதைக் காட்டியிருக்கிறது. என் உணரியோ கரியையும் சல்பேற்றையும் பிரித்தறியாது. ஆகவே மாதிரியுருவின் நாளாந்தச் சுட்டெண்ணையும் சூடாக்கிய மானியின் நாட்சராசரியையும் ஒரே தாளில் வரைந்தபோது, ஏற்ற இறக்கங்கள் பல நாட்களில் ஒன்றாகப் போயின, சில நாட்களில் முற்றாக முரண்பட்டன. போகிக்கும் பொங்கலுக்கும் மானி ஏறியது, மாதிரியுரு அசையவில்லை. அது நியாயம்.

நியாயமற்ற முரண்பாடு மழைநாட்களில் வந்தது. மாதிரியுரு பெரிய மங்கலை எதிர்பார்த்த ஆறு நாட்களில் மானி துப்புரவான வளியைக் காட்டியது. ஆறிலும் தடம் கடலுக்குமேல் மழைக்குள் புகுந்து வந்திருந்தது. மிதமான மழையில் செக்கனுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கழுவப்படும் என்ற வழக்கமான பெறுமானத்தைச் சேர்த்தேன். ஆறு மணிநேர மழையில் துணிக்கையில் ஏறத்தாழ 12 சதவீதமே மிஞ்சும். ஆறில் நான்கு நாட்கள் உடனே ஒத்துவந்தன. எஞ்சிய இரண்டிலும் ஒரு பாகைக் கட்டத்தின் மழைத் தரவு கரையோர மழையைத் தவறவிட்டிருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். அதைச் சோதிக்க, புனலொன்றும் காந்தச் சாவியொன்றும் வைத்துக் கவிழ்கிண்ண மழைமானி ஒன்றைக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். கிண்ணம் இன்னும் ஒரு பக்கமாகவே கவிழ்கிறது, இந்த வாடைக்கு முன் சமன்செய்துவிட வேண்டும்.